எங்கள் கணக்கு வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஓ.எல். (பதினோராம் ஆண்டில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்ததிலிருந்து "சேர், உங்களாலதான்" என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெயரை நான் மட்டும் வாங்கிக்கொள்வது நியாயமில்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன். அம்மா கொழுந்தெடுத்துத்தான் படிக்க வைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு கொழும்பில் வேலை பார்த்தேன், 2020இல் கொரோனாவோடு ஊர் திரும்பினேன். பள்ளிக்கூடங்கள் பூட்டி, பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறித் திரிந்த நேரம் அது. லயத்தில் பக்கத்துக் காம்பராப் (அறை) பிள்ளைகள் எங்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள். வகுப்பு அப்படித்தான் தொடங்கியது.

முதல் நன்றி, தோட்டப் பள்ளியில் எனக்குக் கணிதம் கற்பித்து இப்போது ஓய்வில் இருக்கும் சேருக்கு. பிழையான விடையை அழிக்கவே விடமாட்டார், "எப்படி வந்தது, அதைச் சொல்லு" என்பார். நான் இன்று கற்பிப்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். பதினோராம் ஆண்டில் வந்து சேர்ந்த ஒரு பிள்ளை அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறாள். அரை ரொட்டி சாப்பிட்டுவிட்டு மேலும் ஒரு துண்டு சாப்பிட்டால் மொத்தம் அரையை விடக் கூடுமா குறையுமா என்று கேட்டேன். "கூடும் சேர்." ஐந்தில் இரண்டு? கொப்பியில் வட்டம் போட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது அரைக்கும் குறைவு, அப்ப பிழை" என்று அவளே சொன்னாள். அதன்பிறகு ஆறாகப் பிரித்து மூன்றும் இரண்டும் ஐந்து, ஆறில் ஐந்து என்று காட்டியபோது பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) எதற்கு என்பதும் தானாகவே விளங்கிவிட்டது. பிள்ளை விட்ட இடம் பதினோராம் ஆண்டில் இல்லை, ஆறாம் ஆண்டில்தான் இருக்கிறது. அங்கே திரும்பிப் போகாமல் பாஸ்ட் பேப்பரை மட்டும் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

அம்மாமாருக்கு எப்படி நன்றி சொல்வது? மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்கள். ஒரு அம்மா வேலை விட்டு நேரே வகுப்புக்கு வந்து, "22 கிலோவுல 2 கிலோ வெட்டுனா நூத்துக்கு எவ்வளவு?" என்று மகளிடம் கேட்டார். அன்று பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லோருமாகச் சேர்ந்து அதைத்தான் செய்தோம். நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல். சதவீதத்தை அதைவிடத் தெளிவாக என்னால் கற்பித்திருக்க முடியாது, பிள்ளைகளும் அதை இன்னும் மறக்கவில்லை.

மண்டபத்தைத் திறந்து தந்த கோயில் கமிட்டிக்கும் தலைவர் ஐயாவுக்கும் நன்றி. தகரக் கூரையில் மழை பிடித்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, அந்த நேரத்துக்காகவே பெரிய கரும்பலகையும் வாங்கித் தந்தீர்கள். 2022இல் கொப்பி விலை எட்டாத உயரத்துக்குப் போய், ராத்திரியில் கரண்டும் இல்லாமல் இருந்த மாதங்களில், ஒரு பக்கம் வெறுமையாக இருந்த பழைய தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்த கிளாக்கர் ஐயாவையும், லாபம் பார்க்காமல் வினாத்தாள் போட்டோகொப்பி எடுத்துத் தந்த டவுன் கடைச் சிங்கள அண்ணாவையும் மறக்கவே மாட்டேன். இருட்டுகிற நேரத்தில் மேல் டிவிசன் (தோட்டத்தின் மேல் பிரிவு) பெண்பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விட்ட ஆட்டோ தம்பிமாருக்கும் நன்றி.

ஓ.எல். கணக்கில் சித்தியடையாவிட்டால் ஏ.எல். (உயர்தரம்) படிப்பது கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும், கொழும்பில் ஏதாவது கடையில் சேர்த்துவிடுவார்கள். இந்த முறை சித்தியடையாத பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். இவர்களுக்குத் தனியாக ஞாயிறு காலையில் வகுப்பு வைக்கிறேன், காசு வேண்டாம். பாஸாகி ஏ.எல். போகிற பிள்ளைகளில் சிலர் சின்னவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இப்போதே நன்றி. பழைய ஆறாம் ஆண்டுக் கணிதப் புத்தகம் வீட்டில் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள்.