முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கு: உடம்பு சரியில்லாத ஆயாவுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள்

பெங்களூரில் முதியோர் இல்லங்கள் நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். என் அம்மா உங்களில் ஒருவருடைய இல்லத்தில் இருக்கிறார். எந்த இல்லம் என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் நான் கேட்பது எல்லோரிடமும்தான். வேலை செய்பவருக்கு உடம்பு முடியவில்லை என்றால், கூலியைப் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.

போன மழைக்காலத்தில் அம்மா இருக்கும் மாடியில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வாந்தி, பேதி. வாசலில் சானிடைசர் இருந்தது, கையுறை இருந்தது, தினமும் ஃபினாயில் போட்டுத் துடைத்தார்கள். ஆனால் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தார். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். "வரலன்னா அன்னிக்குக் கூலி போயிடும்மா. ரெண்டு நாள் சேர்ந்தாப்ல போகலன்னா ஏஜென்சிக்காரங்க வேற ஆள அனுப்பிடுவாங்க" என்றார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இப்படி வேகமாகப் பரவும் வாந்தி பேதிக்கு நோரோவைரஸ் ஒரு முக்கியக் காரணம். சானிடைசரை மட்டும் நம்பி அதைத் தடுக்க முடியாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தி எடுத்த இடத்துக்கு பிளீச்சிங் கரைசல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாந்தி பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் அந்த ஆள் வேலைக்கு வரக்கூடாது, சமையலறைப் பக்கம் வரவே கூடாது. அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது? இதை முடிவு செய்யாமல் மற்ற விதிகளைச் சுவரில் ஒட்டி என்ன பயன்?

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாண்ட் என்ற ஊரின் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கோவிட் புகுந்தது. அங்கிருந்து பக்கத்து இல்லங்களுக்கும் போனது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்த காரணங்களில் இரண்டு: ஊழியர்கள் நோய் அறிகுறியோடு வேலைக்கு வந்தார்கள், ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் 5,000-க்கும் மேற்பட்ட இல்லங்களின் நிர்வாகிகளிடம் விசாரித்தார்கள். நோய் விடுப்புக்குச் சம்பளம் கொடுத்த இல்லங்களில் தொற்று குறைவாக இருந்தது, ஏஜென்சி ஆட்களை அடிக்கடி அழைத்த இல்லங்களில் அதிகமாக இருந்தது. நம் ஊரில் பகல் ஒரு இடம், இரவு ஒரு இடம் என்று ஓடும் ஆயாக்களை நீங்களும் அறிவீர்கள்.

சொறி சிரங்கும் இப்படித்தான். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். நோயாளிக்கு மட்டும் களிம்பு தடவினால் அடங்காது. கூட இருப்பவர்கள், தொட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மருந்து வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் ஃப்ளூ வரலாம். சாப்பாட்டை ஒதுக்குவார்கள், திடீரென்று குழம்பிப் பேசுவார்கள், அவ்வளவுதான் தெரியும். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையோ அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வாரம் ஒருமுறை வரும் டாக்டருக்கு அந்த மாற்றம் எப்படித் தெரியும்? "பாட்டி நேத்து மாதிரி இல்லையே" என்று சொல்லக்கூடியவர் தினமும் முகம் துடைத்துவிடும் ஆயா ஒருவர்தான். இரண்டு நாள் லீவு எடுத்ததற்காக அவரை மாற்றிவிட்டால் அந்தக் கண்ணையும் சேர்த்து இழக்கிறீர்கள். மழைக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசி போடும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தயவுசெய்து மறைக்காதீர்கள். மூன்று நாளுக்குள் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இருமலோ வாந்தியோ வந்தால், அன்றே குடும்பத்தாருக்கும் மாநகராட்சி சுகாதார அதிகாரிக்கும் சொல்லுங்கள். பெயர் கெடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் தெரியாமல் பேரக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறவர்களும் நாங்கள்தான்.

செலவு ஆகும், தெரியும். ஏஜென்சி மூலம் வருபவர்களையும் சேர்த்து, நோய் விடுப்புக்குச் சம்பளம் கொடுத்தால் எங்கள் மாதக் கட்டணத்தில் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். என் பங்கைத் தர நான் தயார். குடும்பத்தார் கூட்டம் ஒன்றைக் கூட்டினால் மற்றவர்களிடமும் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு மகள்