அண்ணனின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய்க்கு மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து என் அண்ணனைக் காரைக்குடிக்கு அழைத்து வந்தபோது, அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பத்திரமாக அடுக்கி வைத்தோமே தவிர, அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை எங்களுக்கு எவரும் விளக்கவில்லை.

ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் எண்ணிக்கையை மற்றொரு வகையான லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் அறுவைக்கு முன்பே உயர்ந்திருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பும் ஆயுள் குறையும் வாய்ப்பும் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கிளாஸ்கோ நகரில் உருவான அழற்சிக் குறியெண் இன்னும் எளியது: அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒரு புள்ளி, அல்புமின் என்ற ரத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் மற்றொரு புள்ளி; புள்ளி கூடக் கூட ஆபத்தும் கூடுதல். இரண்டுமே சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடியவை.

ஆயினும் அல்புமினை உருவாக்குவதே கல்லீரல்தான் என்பதால், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப் பழுதாகும் நோய்) உள்ளவருக்குப் புற்றுநோய் இல்லாமலும் அது குறையும். கிருமித் தொற்று வந்தாலே சி.ஆர்.பி. ஏறிவிடும். ஆகவே கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக்குழாய்க்குள் பரவல் ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவர்தான் இதைக் கணிக்க வேண்டும். வீட்டில் வகுத்துப் பார்த்துக் கலங்குவது தவறு. குறியெண் உயர்ந்தவர்களை அறுவைக்குப் பின் எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதை, ஒரு வல்லுநரைக் கொண்டு தங்கள் நாளிதழில் விரிவாக எழுதச் செய்யுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.