வலியைப் பார்த்தவர் சொல்லுக்கும் இடம் வேண்டும்

கால்நடை மருத்துவமனைகளை நடத்துவோருக்கும் தலைமை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவரும் வளர்ப்பவரும் பேசி முடிவு செய்கிறார்கள். இரவெல்லாம் கூண்டருகே இருந்து விலங்கு படும் பாட்டைப் பார்ப்பவர் செவிலியர். கடைசி ஊசி போடும்போது காலைப் பிடித்திருப்பவரும் அவரே. பார்த்ததைச் சொல்ல அவருக்கு முறையான வழி வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

அறுவை முடிந்த பூனை கத்தாமல் மூலையில் கிடந்தால் 'அமைதியாக உள்ளது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். முகத்தைப் பார்த்தால் கதை வேறு. காதுகள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் இடுங்கியிருக்கும், மூக்கும் வாயும் இறுகியிருக்கும், மீசை விறைத்து நிற்கும், தலை தோள்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருக்கும். இந்த ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும்; 10க்கு 4 வந்தாலே வலிமருந்து தேவை. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் போட்ட மதிப்பெண் செல்லாது. விழித்திருக்கையில், தொடாமல், அரை நிமிடம் பார்க்க வேண்டும். நாயின் நடத்தையைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் கிளாஸ்கோ சுருக்க அளவுகோலில், வலிமருந்து தேவைப்படும் எல்லை 24க்கு 6. நடக்கவைத்துப் பார்க்க முடியாத நாய்க்கு 20க்கு 5.

ஆனால் எண்ணை எழுதிவைப்பதால் வலி போய்விடாது. நடு இரவில் நாய்க்கு 9 வருகிறது. மருத்துவரை எழுப்பலாமா என்ற தயக்கத்திலேயே விடிந்துவிடுகிறது. செய்ய வேண்டியது தெரிந்தும் அமைப்பின் கட்டுப்பாட்டால் செய்ய முடியாத இந்த நிலைக்கு, மனித மருத்துவச் செவிலியர்களை வைத்து தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984இல் ஒரு பெயர் கொடுத்தார்: அறத் துயரம். கூண்டருகே நிற்பவருக்கும் அது பொருந்தும்.

ஆகவே அறுவைக்கு முன்பே கூடுதல் வலிமருந்தின் பெயர், அளவு, இடைவெளி மூன்றையும் மருத்துவர் எழுதிக் கையெழுத்திடட்டும். மதிப்பெண் எல்லையைத் தொட்டால், சட்டம் அனுமதிக்கும் இடங்களில் செவிலியர் அதைக் கொடுப்பார். அரை மணி கழித்து மறுபடி பார்ப்பார். இறங்காவிட்டால் எந்நேரமானாலும் அழைப்பார். அழைத்த நேரமும் கிடைத்த பதிலும் ஷீட்டில் ஏற வேண்டும். தூக்கம் கெட்டதற்காக யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. ஒருமுறை கடிந்தால் அடுத்த முறை அழைப்பு வராது.

வளர்ப்பவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க?" பெரும்பாலும் மருத்துவர் அறையைவிட்டுப் போன பிறகுதான் கேட்பார்கள். மழுப்பினால் அவர்கள் தனித்துவிடுவார்கள். முடிவைச் சொன்னால் அது அவர்கள் முடிவாக இருக்காது. நேற்றிலிருந்து எவ்வளவு சாப்பிட்டது, தானாக எழுந்ததா, படுத்த இடத்திலேயே சிறுநீர் போனதா, கடைசி வலி மதிப்பெண் என்ன என்று பார்த்ததை அப்படியே சொல்ல செவிலியருக்கு அனுமதி வேண்டும். பணப் பேச்சையும் முதல் நாளே முடித்துவிடுங்கள். முழுச் சிகிச்சை, குறைந்த செலவுச் சிகிச்சை, வலி தணிப்பு மட்டும், கருணைக்கொலை ஆகிய நான்கையும் செலவோடு ஒரே தாளில் கொடுங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்தும்போது, விலங்கு பட்ட வலி வீணாகிறது.

நலமாக உள்ள விலங்கைக் கொல்லச் சொல்லி வரும்போது, வேறு வீடு தேடப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். இப்படிப்பட்ட கொலையில் பங்கேற்காமல் விலகிக்கொள்ள நினைக்கும் செவிலியர் அதைப் பணியில் சேரும்போதே சொல்ல இடம் கொடுங்கள். மேசையில் ஏற்றிய பிறகு ஆள் மாறினால், மிரண்டு நடுங்கிக் காத்திருப்பது அந்த விலங்குதான்.

இப்படிக்கு,
கால்நடை செவிலியர்கள்