பாப்பாவுக்கு, உன் மலைச்சாமி கதையைப் பற்றி

கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கதையை ராத்திரியே படித்து முடித்துவிட்டேன். மலையைத் தோண்ட வந்த பொக்லைன் முன்னால் மண்குதிரை உயிர் பெற்று நிற்கிற இடத்தில் புல்லரித்துவிட்டது. ஆனால் கடைசியில் சாமியே எல்லாவற்றையும் நொறுக்கிப்போடுகிறது, ஊர் ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஒடிசாவின் நியம்கிரி மலையை மனதில் வைத்துத்தானே எழுதினாய்? அங்கே வாழும் டோங்ரியா கோண்டு பழங்குடி மக்களுக்கு அந்த மலை, அவர்கள் சாமி நியம் ராஜா குடியிருக்கும் இடம். உச்சியில் உள்ள மரங்களை அவர்கள் வெட்டுவதில்லை. அங்கிருக்கும் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுப் படிவம்தான் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைகளை வற்றாமல் ஓடவைக்கிறது. அதையேதான் வேதாந்தா கம்பெனியின் லாஞ்சிகர் ஆலைக்காக வெட்டியெடுக்கப் பார்த்தார்கள். அந்த மக்களின் வழிபாட்டு உரிமையைப் பற்றிக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நீதிபதிகள் உட்கார்ந்து கவனிக்க, 12 ஊர்களில் சபை கூடியது. 12 ஊரும் வேண்டாம் என்றன, ஒன்றுகூடப் பிசகவில்லை. அடுத்த ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்துவிட்டது. இதைவிடப் பெரிய சாகசம் என்ன வேண்டும்?

இன்னொன்று. மண்குதிரை நம் அய்யனாருடையது, அதை அவர்கள் மலையில் கொண்டுபோய் நிறுத்தாதே. குதிரை வேண்டுமென்றால் கதையை நம் பக்கத்துக் கோயில் காட்டுக்கே கொண்டுவந்துவிடு. கிராம சபை இங்கேயும் கூடுகிறதே.

நம் ஊர்க் காட்டில் வீரை மரமும் காயா மரமும் அடர்ந்து கிடக்கும் இடத்தில், கீழே விழுந்த சுள்ளியை அங்கேயே பொங்கல் வைக்க எரிக்கலாம், வீட்டுக்கு ஒரு குச்சி வரக் கூடாது. உன் ஆயா சின்ன வயதில் ஒரு கட்டு எடுத்து வந்துவிட்டாராம். ராத்திரி முழுக்க வாசலில் குளம்புச் சத்தம். விடிவதற்குள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, எடுத்த இடத்திலேயே போட்டுக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாராம். ஆயா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், உனக்கு நினைவிருக்கும்.

அந்தக் குளம்புச் சத்தத்தைக் கதையில் வை பாப்பா. கம்பெனிக்காரனுக்குக் கேட்க வேண்டாம். பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும் ஊர்ப் பெரியவருக்குக் கேட்கட்டும். அவர் மறுநாள் சபையில் எழுந்து என்ன பேசுகிறார் என்பதை நிதானமாக, இரண்டு பக்கமாவது எழுது.

மாற்றி எழுதியதும் பிரின்ட் எடுத்து அனுப்பு, போனில் எழுத்து பொடியாகத் தெரிகிறது. அப்புறம், லீவில் வந்தால் புதுச்சேரி தாண்டிக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் காட்டுக்குக் கூட்டிப்போகிறேன். நோட்டுப் புத்தகம் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா