பஞ்சர் கடை அண்ணனுக்கு

2019 டிசம்பர் 26. வளையச் சூரிய கிரகணத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட, பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்து பேர் தொலைநோக்கியோடு திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்து மைதானத்துக்கு வந்திருந்தோம். எட்டு மணிக்கு மேல் கிரகணம் தொடங்கியாயிற்று. அப்போது பார்த்து ஸ்டாண்டின் ஒரு கால் மரை தேய்ந்து மடங்கிவிட்டது.

எதிரே பஞ்சர் கடையில் இருந்த நீங்கள் கூப்பிடாமலே வந்தீர்கள். ஒரு போல்ட்டைப் போட்டுப் பார்த்தீர்கள், சேரவில்லை. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து மூட்டில் இறுக்கிச் சுற்றினீர்கள். அப்புறமும் ஆடியது. சரி என்று தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள்.

ஒன்பதரை வாக்கில் வெள்ளை அட்டையில் வளையம் விழுந்தது. நிலா சற்றுத் தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுக்க மறைக்க முடியாத அந்த மூன்று நிமிடம், பிள்ளைகள் கத்திய கத்தல்! கிரீஸ் கையோடு நீங்கள் மட்டும் திரும்பவே இல்லை. "ஆடிடும் தம்பி" என்றீர்கள். காசும் வாங்கவில்லை. பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அண்ணே, 2031 மே 21 அன்று மதுரை, தேனிப் பக்கம் மறுபடி வளையம் தெரியும். இந்த முறை ஸ்டாண்டை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பாருங்கள்.