பாப்பா, நம்ம தண்ணீரில் இறக்கிப் பார்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் வீட்டில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பி.எச்டி.க்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது, ஒன்று கடலுக்கடியிலிருந்து வயர் இல்லாமல் வீடியோ அனுப்புவது, இன்னொன்று ரத்தத்திலிருந்து புற்றுநோய் செல்லை அல்ட்ராசவுண்டால் பிரித்தெடுக்கிற சின்ன சிப், எதை எடுக்கட்டும் மாமா என்றாய். நாலு நாளாக எனக்கு அதே யோசனைதான். இரண்டிலும் வேலை செய்வது தண்ணீருக்குள் போகிற சத்தம். இருபது வருஷமாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எக்கோ சவுண்டர், அதாவது தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி ஆழமும் மீனும் காட்டுகிற படகுக் கருவி, ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால் எனக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

முதலில் கடல் வீடியோ. வைஃபையை உப்புத் தண்ணீர் ஓரிரு சென்டிமீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலப்பச்சை ஒளி தெளிந்த கடலில் பல மீட்டர் போகும், வேகமும் அதிகம், ஆனால் நம்ம துறைமுகத்தில் முழங்கை வரை கையை விட்டால் உன் விரல் உனக்கே தெரியாது. மிச்சம் சத்தம்தான். நொடிக்கு 1500 மீட்டர் ஓடும், ஆனால் நொடிக்குச் சில பத்தாயிரம் பிட் தூக்குவதற்கே திணறும், அதில் வீடியோவை அடைக்க வேண்டும். அப்புறம் எதிரொலி. தரை, மேல்மட்டம், கல்சுவர், பக்கத்துப் படகின் அடி என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். நொடிக்கு 10,000 பிட் அனுப்பும்போது ஒரு எதிரொலி 5 மில்லிநொடி பிந்தினாலே அது 50 பிட் தள்ளிப் போய் வேறு பிட்டின் மேல் விழுந்து குழப்புகிறது. ஜப்பானின் ஷின்காய் 6500 என்கிற ஆய்வு நீர்மூழ்கி ஆழ்கடலிலிருந்து சத்தம் வழியாகவே படம் அனுப்பியிருக்கிறது, பெரிய விஷயம்தான், ஆனால் அது நேர் கீழேயிருந்து மேலே வருகிற பாதை, எதிரொலித் தொல்லை குறைவு. ஆழமில்லாத இடத்தில் பக்கவாட்டில் அனுப்புவதுதான் கஷ்டம். போதாததற்கு ப்ரொப்பெல்லர் கிளப்புகிற காற்றுக்குமிழி வேறு. குமிழி வருகிற இடத்தில் டிரான்ஸ்டியூசரை, அதாவது சத்தத்தை அனுப்பி வாங்குகிற பாகத்தை, மாட்டிவிட்டு, திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள், பிரித்துப் பார்த்தால் கருவியில் ஒரு கோளாறும் இருக்காது.

ப்ரொப்பெல்லரில் வலை சுற்றினால் ஒருவன் கத்தியோடு உள்ளே இறங்குகிறான். மேலே நிற்கிற எங்களுக்குத் தெரிவது கயிற்றின் இழுப்பு மட்டும். கறுப்பு வெள்ளையில் நொடிக்கு ஒரு படம் வந்தால்கூடப் போதும் பாப்பா.

சரி, ரத்தத்துக்கு வருகிறேன். உன் ஆயாவுக்கு நுரையீரலில் பரவியிருக்கிறதா என்று பார்க்க முதுகு வழியாக ஊசி போட்டார்கள், எடுத்த சதை போதவில்லை என்று பத்து நாள் கழித்து மறுபடியும் போட்டார்கள். இரண்டாவது தடவை அம்மா என் கையை இறுக்கினதில் நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. ஒரு குழாய் ரத்தத்திலேயே அதைத் தெரிந்துகொள்ள முடியுமென்றால் அதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது? ஒரு மில்லிலிட்டரில் சிவப்பணு மட்டும் சுமார் 500 கோடி, அதற்குள் நீ தேடுகிற செல் ஒன்றிரண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீ காட்டிய சிப் படம் எனக்கு உடனே புரிந்தது. 2 மெகாஹெர்ட்ஸில் தண்ணீருக்குள் அலைநீளம் முக்கால் மில்லிமீட்டர், அதில் பாதி அகலத்தில், அதாவது 375 மைக்ரானில் வாய்க்கால் வெட்டினால் அலை இரு சுவருக்கும் நடுவே நகராமல் ஒரே இடத்தில் நின்று அதிரும், செல்கள் நடுக்கோட்டுக்கு நகரும். அளவு இரு மடங்கானால் தள்ளுகிற விசை எட்டு மடங்கு, அதனால் பெரிய செல் முந்திக்கொண்டு நடுவுக்கு வந்துவிடும்.

ஆனால் இதைச் சோதிக்கும்போது பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? ஆய்வகத்தில் வளர்த்த செல்லை ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் கலந்து, அதையே திரும்பப் பிரித்துக் காட்டுகிறார்கள். வளர்த்த செல் பெரும்பாலும் பெரிசாகவும் ஒரே மாதிரியாகவும் இருக்கும். நோயாளியின் உடம்பிலிருந்து வருவது அப்படியில்லை, சிலது வெள்ளையணு அளவுதான், சிலது கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். தெளிந்த தண்ணீர்த் தொட்டியில் வீடியோ அனுப்பிக் காட்டுவதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. தொடக்கத்துக்கு அது வேண்டும், தப்பில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் எதை எடுப்பது என்று நீயே முடிவு செய். சேருவதற்கு முன்னால் இரண்டு கைடிடமும் ஒரே கேள்வியைக் கேள்: இதை எப்போது அழுக்குத் தண்ணீரில் இறக்குவோம், எப்போது நோயாளி ரத்தத்தில் பார்ப்போம்? எந்த வருஷம் என்று தெளிவாகச் சொல்கிறவரிடம் சேர். சிப் என்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முதல் வருஷமே எழுதிப் போடு, அது இழுக்கும்.

வீடியோ என்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் வா. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், தண்ணீர் ஓரளவு அமைதியாக இருக்கும், அப்போது ஒரு தடவை அளந்து வை. ஜூன் 14 நள்ளிரவு தாண்டினதும் அத்தனை இன்ஜினும் ஒன்றாகக் கிளம்பும், அந்த நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் அள. ஹைட்ரோபோன் (தண்ணீருக்குள் கேட்கிற மைக்) கேபிள் முப்பது மீட்டருக்குக் குறையாமல் கொண்டு வா, பேட்டரியும் படகும் என் பொறுப்பு. அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா
காசிமேடு