வெறுமனே கிடந்ததா கோட்டை?

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு எங்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நல்ல படம். அதன் கீழே, "ஒல்லாந்தர் கட்டி, ஆங்கிலேயர் போனபின் வெறுமனே கிடந்த கோட்டை" என்று ஒரு வரி. கையிலிருந்த பிளேன்டீ அப்படியே ஆறிப்போனது.

வெறுமனே கிடந்ததாம். அப்படியானால் 1975 தொடக்கம் 31 வருடம் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், ஐயா?

உங்களுக்குத் தெரியாததல்ல. திராய்மடுவுக்குப் போகும்வரை கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அந்த மதிலுக்குள்தான் இருந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் வீ.ஓ.சீ. முத்திரை உள்ள வாசலால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் நாங்கள். மாரியில் கோப்புகள் ஊறி, ஒரு தாளைப் பிரித்தால் மற்றதும் சேர்ந்து வரும். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு, நனைந்த கூப்பன் புத்தகத்தை முந்தானையால் ஒற்றி ஒற்றி என் மேசையில் விரித்த கிழவியை இன்னும் மறக்கவில்லை. சுனாமிக்குப் பெயர்ப்பட்டியல் எழுதியதும் அதே மேசையில்தான். அதில் இரண்டு பெயர் என் அயலவர்.

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை பொத்துவில் சனமும் இங்கேதான் வந்தது. என் தகப்பனார் காணி அலுவலுக்கு அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறி வந்தவர். "கோட்டைக்குப் போறன்" என்றால் பீரங்கி பார்க்க அல்ல.

சரி, கட்டியது யார்? 1628இல் போர்த்துக்கேயர். 1638 மே மாதம் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் போர்த்துக்கேயரிடம் பிடித்த முதல் கோட்டை இதுதான். பிறகு திருத்திக் கட்டினார்கள், மறுக்கவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டுரையாளருக்குத்தான் தெரியாது, ஒப்புநோக்குபவருக்குமா தெரியாது?

எனக்கு இது புதிதில்லை. 1924இல் கட்டிய கல்லடிப் பாலம் அப்போதைய ஆளுநரின் மனைவி லேடி மெனிங்கின் பெயரைத் தாங்கியது. அதை நீங்கள் ஒருமுறை "லேடி மவுன்ட்பேட்டன்" பாலமாக்கினீர்கள். புளியந்தீவைப் "புலியன்தீவு" ஆக்கினீர்கள். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். பதிலாக வந்தது சந்தா நினைவூட்டல். காலிக் கோட்டையென்றால் நாலு பக்க இணைப்பு. எங்களுக்கு அரைப்பக்கமும், வாவியில் மீன் பாடுகிறது என்ற பழைய கதையும்.

கோட்டை மரபுரிமையாவதில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. வரட்டும், பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். ஆனால் வெள்ளைக்காரன் போட்ட கல்லுக்கு மட்டும் வயது எண்ணி, அதற்குள் கால்கடுக்க வரிசையில் நின்ற சனத்தை "வெறுமை" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம். முடிந்தால், கோட்டைக்குள் இன்ன அறையில் காணிக்கிளை இருந்தது, இன்ன அறையில் ஓய்வூதியம் என்று தமிழில் ஒரு பலகை வைக்கும்படி உரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். காணிக்கிளை அறையைக் கண்டுபிடிப்பது சுலபம். வடக்குச் சுவரில் கலண்டர் தொங்கிய ஆணி இருக்கும். நான் அடித்தது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.